எக்கோ சரியாக இருந்தால் இதயமும் சரியா?

இதய ஸ்கேன் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்றாவது மாடி ஏறும்போது நெஞ்சை இறுக்குகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. இசிஜியும் எக்கோவும் நார்மல். பிறகு எதற்கு சிடி ஆஞ்சியோ? வீண் செலவு இல்லையா?
வாசகர், செந்தூல்

பதில்: வீண் செலவு இல்லை. ஒலி அலை கொண்டு எடுக்கும் எக்கோ ஸ்கேன் காட்டுவது இதயத் தசையின் அசைவு, வால்வுகள், அறைகளின் அளவு. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலம்தான்; துடிப்போடு சேர்ந்து ஆடிக்கொண்டே இருப்பவை. விலா எலும்புகளுக்கு நடுவே புகுந்து போகும் ஒலி அலையால் அவற்றை முழு நீளத்துக்கும் தொடர்ந்து பார்க்க முடியாது. ஒரு தமனி 70 விழுக்காடு சுருங்கியிருந்தாலும், படுத்திருக்கும்போது தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஓய்வில் எடுத்த எக்கோவும் இசிஜியும் நார்மலாக வருவதில் வியப்பில்லை. படியேறும்போது தேவை கூடுகிறது, வரத்து கூடவில்லை. அந்த இறுக்கம் அதைத்தான் சொல்கிறது.

உழைப்பில் வந்து ஓய்வில் போகும் இறுக்கம் என்று உங்கள் அப்பா சொன்ன விவரம், நார்மல் என்று வந்த அந்த இரண்டு தாள்களைவிட எங்களுக்கு முக்கியம். கை நரம்பில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் தமனிச் சுவரும் உட்குழாயும் நேரடியாகத் தெரியும். அடைப்பு இல்லை என்று உறுதி சொல்வதில் அது மிகவும் நம்பகமானது. பெரிய அடைப்பு தெரிந்தால் அடுத்தது கை மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோகிராம். சிடி ஒத்துவராதவர்களுக்கு இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவோ அணுக்கதிர் ஸ்கேனோ செய்யலாம். ஆனால் ஒன்று: சும்மா இருக்கும்போதே வலி வந்தாலும், 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், வியர்த்துக் கொட்டினாலும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 999 அழையுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் ‘இதயம் பெரிதாக உள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தில் இதயத்தின் அகலம் பாதியைத் தாண்டினால் அப்படி எழுதுவார்கள். இந்த அளவுகோல், நின்றபடி முதுகுப் பக்கத்திலிருந்து கதிர் செலுத்தி எடுத்த படத்துக்கு மட்டுமே பொருந்தும். கட்டிலில் படுத்தபடி முன்பக்கத்திலிருந்து எடுத்தால், இதயம் பிலிமைவிட்டுத் தள்ளி இருப்பதால் நிழல் பெரிதாக விழும். மூச்சை நன்றாக இழுக்காவிட்டால் உதரவிதானம் மேலே ஏறி, இதயம் படுத்தாற்போல் அகன்று தெரியும். உங்களுக்கு எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். சந்தேகத்தை ஓர் எக்கோ தீர்த்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ஆஸ்துமாவுக்கு பஃப். நாடித்துடிப்பு எப்போதும் 80க்கு மேல். அடுத்த வாரம் சிடி ஆஞ்சியோ. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் துடிப்பு. இரண்டு துடிப்புகளுக்கு இடையில் இதயம் அசையாமல் இருக்கும் நொடிப்பொழுதில்தான் படம் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. 80 என்றால் முக்கால் நொடி. குறையும் அந்தக் கால் நொடியில் பெரும்பகுதி அந்த அமைதி நேரத்திலிருந்தே போகிறது, படம் கலங்குகிறது. அதனால் 60, 65க்குக் கீழே இறக்கப் பார்ப்பார்கள். வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பு, துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலோல் 50 அல்லது 100 மில்லிகிராம் கொடுப்பது உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். ஆகவே ஆஸ்துமாவைப் பற்றித் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள், மேசையில் படுத்த பிறகு அல்ல. இவாப்ராடின் போன்ற மாற்று மருந்து உண்டு. கோப்பி, தே தாரிக், எனர்ஜி பானம் எல்லாவற்றையும் 12 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துங்கள்.

அடுத்தது சிறுநீரகம். சாய மருந்து அதன் வழியாகத்தான் வெளியேறும். ரத்தப் பரிசோதனையில் ஈஜிஎஃப்ஆர் அளவைப் பாருங்கள்; சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் எண் அது. 30க்குக் கீழே என்றால் சாயம் வேண்டுமா என்பதையே மருத்துவர் யோசிப்பார், மெட்ஃபார்மினையும் நிறுத்துவார். அதற்கு மேல் இருந்தாலும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்லும் மருத்துவமனைகள் உண்டு. நீங்கள் போகும் இடத்தின் விதியைப் பின்பற்றுங்கள். சாப்பிடாமல் வரச் சொன்னால், அன்று காலை சர்க்கரை மருந்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் சாய மருந்துக்குப் பயப்படத் தேவையில்லை. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் அயோடின் அல்ல. முன்பு சாய மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதுதான் கட்டாயம் சொல்ல வேண்டியது.

சாயம் நொடிக்கு 5 மில்லிலிட்டர் வேகத்தில் போகும் என்பதால் ஊசியை முழங்கை மடிப்பின் பெரிய நரம்பில் போடுவார்கள். உடல் சூடாகி, சிறுநீர் போய்விட்டது போல் தோன்றும், போயிருக்காது. அந்தக் கணத்தில் திடுக்கிட்டு அசைந்தால் படம் கெடும். பத்து நொடி மூச்சை அடக்க வீட்டிலேயே பழகட்டும். மூச்சை முழுக்க இழுக்காமல் முக்கால்வாசி இழுத்தால் போதும். தாலிச் சங்கிலி நெஞ்சின்மேல் கிடந்தால் படத்தில் கீற்றுக் கீற்றாக விழும். கழற்ற மனமில்லை என்றால், கழுத்துக்கு மேலே ஏற்றி வைக்க முடியுமா என்று ரேடியோகிராஃபரிடம் கேளுங்கள்.

தமனியை விரிக்க நாக்கின் கீழ் நைட்ரேட் தருவார்கள். ஆண் வாசகர்களுக்கு: வயாகரா போன்ற மாத்திரை எடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

கேள்வி: வயது 41, புகைப்பேன். கால்சியம் ஸ்கோர் பூஜ்யம். நிம்மதியாக இருக்கலாமா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கால்சியம் ஸ்கோர் ஸ்கேன், இதயத் தமனிகளில் சுண்ணாம்பு (கால்சியம்) படிந்த கொழுப்புத் திட்டுகளை மட்டுமே எண்ணும். திட்டு முதலில் மென்மையாகவே வளர்கிறது. சுண்ணாம்பு படிய வருடங்கள் ஆகும். நாற்பதை ஒட்டிய வயதில், அதுவும் புகைப்பவருக்கு, மென்மையான திட்டு இருந்தும் ஸ்கோர் பூஜ்யமாக வரலாம். நெஞ்சு வலி இருந்தால் இந்தப் பூஜ்யத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள்.

கேள்வி: போன வருடம் இஎஃப் 55, இப்போது வேறு மருத்துவமனையில் 48. இதயம் பாதிதான் வேலை செய்கிறதா?
வாசகர், கிள்ளான் சாலை, கோலாலம்பூர்

பதில்: இஎஃப் என்பது, இதய அறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் விழுக்காடு. நூற்றுக்கு நூறு வாங்க வேண்டிய மதிப்பெண் அல்ல அது. இடது கீழறையில் 120 மில்லிலிட்டர் ரத்தம் நிரம்பி, ஒரு துடிப்பில் 72 வெளியேறினால் இஎஃப் 60. அது இயல்பான அளவு. 48 என்பது சற்றே குறைவு.

ஆனால் உண்மையிலேயே குறைந்ததா என்பது வேறு கேள்வி. எக்கோ எடுப்பவர் அறையின் உள் ஓரத்தைக் கோடிட்டுக் கணக்கிடுகிறார். கருவியின் முனை இதய நுனியில் சரியாக உட்காராவிட்டால் அறை குட்டையாகத் தெரிந்து, எண் கூடிவிடும். உடல் பருமனாலோ நுரையீரல் காற்றாலோ ஓரம் மங்கினால் கோடு ஊகமாகிவிடும். துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வோர் எண் வரும். அளப்பவர் மாறினாலே 5 புள்ளிக்கு மேல் வேறுபடுவது சாதாரணம்.

இரண்டு அறிக்கைகளை மட்டும் கொண்டுபோனால் போதாது. போன வருடத்துப் படங்களைக் குறுந்தட்டில் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே மருத்துவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் இதய எம்ஆர்ஐ எடுக்கலாம். அறையின் கொள்ளளவை அது ஊகமில்லாமல் அளக்கும். அதுவரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.