பேல் முற்றுகையில் திணறுகிறவருக்கு

வணக்கம். மலாசன் என்ற கற்பனை உலகத் தொடரின் முதல் நாவலான 'கார்டன்ஸ் ஆஃப் த மூன்'இல் பேல் நகர முற்றுகை வரை வந்தும் யார் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். கோளாறு உங்கள் வாசிப்பில் இல்லை, ஸ்டீவன் எரிக்சன் எழுதும் விதமே அதுதான். எதையும் நிறுத்தி விளக்க மாட்டார். 'வாரன்' என்ற மந்திர ஆற்றல் என்ன என்பது, மந்திரக்காரி டாட்டர்செயில் அதைப் பயன்படுத்துவதைப் பார்க்கப் பார்க்கத்தான் பிடிபடும்.

இப்போதைக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பேரரசரின் ஆட்களை இப்போதைய பேரரசி லசீன் ஒழித்துக்கட்டுகிறாள் என்று சார்ஜென்ட் விஸ்கிஜாக்கின் படையினர் சந்தேகிக்கிறார்கள். மற்ற பெயர்கள் மறந்தால் மறக்கட்டும், முன்பக்கத்தில் பாத்திரப் பட்டியலும் பின்னால் சொல்விளக்கமும் இருக்கின்றன. இணையத்தில் மட்டும் பெயர்களைத் தேடாதீர்கள், யார் சாகிறார்கள் என்பது முதல் வரியிலேயே வந்துவிடும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் கதை டருஜிஸ்தான் நகரத்துக்குப் போகும். கூரைமேல் ஒரு திருட்டுப் பையன் நாணயம் எடுக்கக் குனிவான், அம்பு தலைக்கு மேல் பறக்கும். எனக்குக் கதை அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அப்புறம், இரண்டாவது நாவல் வேறு கண்டம், பெரும்பாலும் புது ஆட்கள். மறுபடி திணறும். ஆனால் அதில் தளபதி கோல்டெயின் அகதிகளை அழைத்துச் செல்லும் பகுதிக்காகவே மொத்த 10 நாவல்களையும் நான் சிபாரிசு செய்வேன்.