தூங்குறவரை தொட்டு எழுப்பாதீங்க

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்துல இருக்கார். சண்டை நடந்த இடத்துல இருந்து திரும்பி எட்டு மாசம் ஆச்சு. கட்டில்ல படுக்க மாட்டேங்கறார், ராத்திரி பூரா கதவைப் பார்த்தபடி தரையில உக்காந்திருக்கார். போன வாரம் தூக்கத்துல கத்துனார்னு தோளைத் தொட்டு எழுப்பினேன், என் கழுத்தைப் பிடிச்சிட்டார். அப்புறம் விடியற வரைக்கும் அழுதார். கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்ல"ங்கறார். ஒன்பது வயசு பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் வாசல்லயே நின்னு "அப்பா இன்னைக்கு எப்படிம்மா இருக்கார்?"னு கேட்டுட்டுதான் உள்ள வர்றா. நான் எங்கே தப்பு பண்றேன்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. உங்க கடிதத்துல அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கிறதைப் படிச்சதும் எனக்கு மனசு கேக்கல.

அவர் வீட்டுக்கு வந்துட்டார், ஆனா அவர் உடம்பு இன்னும் காவல்லதான் நிக்குது. அங்க சின்ன சத்தத்துக்கும் சட்டுனு எழுந்தவன்தான் பிழைச்சான், மாசக்கணக்கா அப்படியே பழகின உடம்புக்கு இது வீடு, இது பொண்டாட்டி கைன்னு தூக்கத்துல தெரியாது, கண்ணு முழிக்கறதுக்குள்ள கை முந்திக்குது. அதனால இனிமே தொட்டு எழுப்பாதீங்க. கைக்கு எட்டாத தூரத்துல நின்னு, லைட்டைப் போட்டு, பேர் சொல்லிக் கூப்பிடுங்க, "நான்தான், நீங்க வீட்லதான் இருக்கீங்க"ன்னு சொல்லுங்க.

இதுக்கு பிடிஎஸ்டின்னு பேரு, போர் மாதிரி பெரிய அதிர்ச்சியைப் பார்த்தவங்களுக்கு அப்புறமா வர்ற மனநோய். முதல் உலகப் போர்ல இதை 'ஷெல் ஷாக்'னாங்க. ஓடிட்டான், கோழைன்னு அப்போ பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ன சொந்த சிப்பாய்கள்ல 306 பேருக்கு 2006லதான் மன்னிப்பு கிடைச்சது, அவங்கள்ல பல பேருக்கு இந்த நோய்தான் இருந்திருக்கும்னு நினைக்கறப்போ வயிறு எரியுது. பிடிஎஸ்டிங்கற பேர்ல இது அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய்ப் பட்டியல்ல ஏறினதே 1980லதான். "ஒண்ணும் இல்ல"ன்னு அவர் சொல்றதுல அந்தப் பழைய பயமும் இருக்கு, வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க, வேலைக்கு என்ன ஆகும்னு.

"உங்களுக்கு மனசு சரியில்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க, "நீங்க தூங்கி எட்டு மாசம் ஆச்சு, தூக்கத்துக்காக டாக்டரைப் பார்ப்போம்"னு சொல்லுங்க. தூக்கம்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. இதுக்குன்னே பேச்சு சிகிச்சைகள் இருக்கு, அதுல ஒண்ணு சுமார் 12 சிட்டிங்தான், நிறைய பேருக்கு நல்லாவே கேக்குது. தூக்கம் வரணும்னு குடிச்சா மட்டும் நிலைமை இன்னும் மோசமாகும். அங்க பார்த்ததை, செஞ்சதை சொல்லச் சொல்லி நச்சரிக்காதீங்க, அவரா பேசினா குறுக்க பேசாம கேளுங்க, போதும்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். அவர் முழிச்சிருக்கும்போது கை ஓங்கினா நோயாச்சேன்னு பொறுத்துக்காதீங்க, பொண்ணைக் கூட்டிக்கிட்டு அந்த இடத்தை விட்டு வெளிய வந்துடுங்க. சாகணும்னு பேசினா அன்னைக்கே ஆஸ்பத்திரி, வீட்ல துப்பாக்கி இருந்தா அவர் கைக்கு எட்டாம வெளிய கொடுத்துடுங்க.

நீங்களும் தூங்கல இல்லையா? ஒரே ஒரு ஆள்கிட்டயாவது, அம்மாவோ அக்காவோ, நடந்ததை முழுசா சொல்லுங்க. கணவர் போற டாக்டர்கிட்ட உங்களுக்கும் தனியா நேரம் கேளுங்க.

பொண்ணு நாளைக்கும் வாசல்ல நின்னு கேட்பா. "நல்லாத்தான் இருக்கார்"னு பொய் சொல்லாதீங்க, அவளுக்கு எல்லாம் தெரியும். "அப்பாவுக்கு உடம்புக்குள்ள ஒரு காயம் இருக்கு, உன்னால வந்தது இல்ல, டாக்டர்கிட்ட போகப் போறோம்"னு சொல்லி, கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போங்க.