சின்னக் குசினிக்கு எயார் பிரையரும் றைஸ் குக்கரும்: கேள்வி பதில்

எயார் பிரையர், றைஸ் குக்கர், கேத்தல் இவற்றை வைத்து வீட்டுச் சாப்பாடு எப்படிச் செய்வது என்று கேட்டு வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் நானும் இவரும் மட்டும். யாழ்ப்பாணத்தில் இப்போது இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. பத்துப் பேருக்குச் சமைக்க இந்தச் சாமான்கள் உதவாது. ஒருவர், இருவர் இருக்கிற வீட்டுக்கு இவை நல்ல துணை.

சுன்னாகம்: ரீச்சர், அண்ணா கனடாவில் இருந்து எயார் பிரையர் கொண்டு வந்தவர். பிளக்கை மட்டும் மாற்றிப் போடலாமா?

வேண்டாம் தங்கச்சி. அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. அடியில் ஒட்டியிருக்கிற தகட்டைத் திருப்பிப் பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் இங்கே நேரே செருகியதும் அதற்குள் இருக்கிற சூட்டுக்கம்பி தாங்க வேண்டியதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கக்கும். சாமான் போய்விடும், தீப்பிடிக்கவும் கூடும். வோல்ற்றை இறக்கும் ட்ரான்ஸ்போமர் போட்டுப் பாவிக்கலாம். ஆனால் 1500 வாற்ஸ் சாமானுக்கு 2000 வாற்ஸாவது தாங்குவது வேண்டும். அது கல்லுப் போலப் பாரம், விலையும் கூட. அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்குங்கள்.

லண்டனில் இருந்து வந்தது என்றால் கவலையில்லை. வோல்ற்றும் சரி, 13 அம்பியர் சதுர முள்ளுப் பிளக்கும் சரி. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் சாமான்களுக்கு வோல்ற் பொருந்தும், பிளக்தான் வேறு.

இன்னொன்று. பழைய வீடுகளில் இருக்கிற 5 அம்பியர் வட்ட முள்ளுப் பொயின்ற்றில் இதைச் செருகக் கூடாது. 1500 வாற்ஸ் சாமான் ஆறரை அம்பியர் இழுக்கும். ஒரே நீட்டு வயரில் கேத்தலையும் எயார் பிரையரையும் சேர்த்துப் போடுவதும் ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் 15 அம்பியரைத் தொடும். வயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உடனே நிற்பாட்டுங்கள்.

பருத்தித்துறை: மீன் பொரித்தால் வெளியே தூள் கருகுது, உள்ளே சக்கை மாதிரி இருக்கு. என்ன பிழை?

இது பொரிக்கும் சட்டியே இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். மேலே ஒரு சூட்டுக்கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, அவ்வளவுதான். சூடான காற்று சுற்றிச் சுற்றி வந்து சாமானைக் காய்ச்சுகிறது. எண்ணெய் போல அது வேகமாகச் சூட்டைக் கொடுக்காது. அதனால் மேல்தோல் சிவக்கும் முன்பே உள்ளே ஈரம் போய்விடுகிறது. மெல்லிய துண்டுக்கு இது இன்னும் மோசம்.

பாரையோ அறக்குளாவோ, ஒரு விரல் தடிப்புக்கு வெட்டச் சொல்லி வாங்குங்கள். கழுவித் தண்ணீரை நன்றாக வடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். எங்கள் கறித்தூள் ஏற்கனவே வறுத்து இடித்தது, அதைப் பூசினால் கருகத்தான் செய்யும். நாலு துண்டுக்கு அரைத் தேக்கரண்டி தனிமிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் குழைத்துப் பூசி இருபது நிமிடம் விடுங்கள். எண்ணெயோடு குழைந்த தூள் மீனில் ஒட்டியிருக்கும். உலர்ந்த தூள் காற்றில் பறந்து கம்பியில் போய் எரியும், அந்த மணம்தான் வீடு முழுக்க வருகிறது.

மூன்று நிமிடம் வெறுமனே சூடாக்கி, 180 பாகையில் துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். ஆறு நிமிடத்தில் திருப்பி, மொத்தம் பத்து, பன்னிரண்டு நிமிடம். நடுமுள்ளுப் பக்கம் கரண்டியால் நெம்பினால் சதை விட வேண்டும், அதுதான் பதம். சூடை மீனுக்குத் தன் கொழுப்பே இருக்கிறது. 190இல் எட்டு நிமிடம் போதும், தலை மொறுமொறு என்று வரும். கணவாயை மட்டும் இதற்குள் போடாதீர்கள். தண்ணீர் விட்டு றப்பர் மாதிரி ஆகிவிடும். அது தாச்சிக்குரியது.

திருநெல்வேலி: நான் கம்பசில் படிக்கிறேன். ரூமில் சின்ன றைஸ் குக்கரும் கேத்தலும் மட்டும். கடைச் சாப்பாடு அலுத்துப் போச்சு.

தம்பி, குக்கரோடு வந்த ஓட்டைத் தட்டை எறிந்துவிட்டீர்களா? அதுதான் உங்களுக்கு இரண்டாவது அடுப்பு. கீழே அரிசியும் தண்ணீரும், தண்ணீர் கொதித்தபிறகு மேலே தட்டில் கழுவிய முட்டை இரண்டு, துண்டாக்கிய பயற்றங்காய், கரட். சோறு முடியும்போது எல்லாம் அவிந்திருக்கும். முட்டையை உடைத்து உப்பு, மிளகுதூள், தேசிக்காய்ப் புளி, பச்சை வெங்காயம் சேர்த்துப் பிரட்டினால் ஒரு நேரச் சாப்பாடு.

காலையில் பயறு. இரவே ஊறப்போட்டு, காலையில் பயறு மூழ்கும் அளவுக்கு மேல் தண்ணீர் விட்டு அவியுங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் வெடித்து வரும். உப்பு கடைசியில். தேங்காய்ப்பூ, வெங்காயம், கிள்ளிய செத்தல் மிளகாய் போட்டுச் சாப்பிடுங்கள். கடலையும் இப்படித்தான், நேரம் மட்டும் இரண்டு மடங்கு எடுக்கும்.

கேத்தலில் நூடில்ஸ் அவிக்காதீர்கள், பாலும் காய்ச்சாதீர்கள். கொதித்த ஆவி பட்டு உள்ளே ஒரு தகடு வளையும்போதுதான் கேத்தல் தானாக நிற்கிறது. பால் அதற்கு முன்பே பொங்கி வெளியே வந்துவிடும், அடியிலும் பிடிக்கும். மூடி திறந்திருந்தாலும் நிற்காது.

மிஞ்சிய சோற்றை இந்த வெக்கையில் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டாம். ஒருமுறை அவிந்த சோற்றில் பிடிக்கிற கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அளந்து போடுங்கள்.

கோப்பாய்: கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு எண்ணெய் இல்லாமல் வைக்க முடியுமா? இவருக்குக் கொலஸ்ரரோல்.

எண்ணெயே இல்லாமல் முடியாது அக்கா, ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் முடியும். எயார் பிரையர் வாங்கியதற்கு இந்த ஒரு குழம்பே போதும் என்று சொல்வேன். கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, தாச்சியில் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் குடிக்கும்.

கால் கிலோ கத்தரிக்காயை நீளத் துண்டாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். கசிந்த தண்ணீரை மெதுவாகப் பிழிந்துவிட்டு, எண்ணெயை விட்டுக் கையால் பிரட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மினுக்கம் தெரிய வேண்டும். எண்ணெய் படாத துண்டு தோல் மாதிரி வரண்டுவிடும். 190 பாகையில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், இடையில் இரண்டு தரம் கூடையைக் குலுக்குங்கள். ஓரம் கபிலமாகி, நடு மெத்தென்று இருந்தால் எடுத்துவிடுங்கள்.

குழம்பு பழையபடிதான். தாச்சியில் கொஞ்ச எண்ணெயில் வெங்காயம், வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, கறித்தூள், பழப்புளிக் கரைசல், இரண்டாம் பால் விட்டுக் கொதிக்க வையுங்கள். பச்சை மணம் போன பிறகு கத்தரிக்காயைப் போட்டு, இரண்டு கொதி வந்ததும் முதற்பால் விட்டு இறக்குங்கள். கத்தரிக்காய் ஏற்கனவே வெந்தது, அதிகம் கொதித்தால் கரைந்துவிடும். முதற்பாலையும் இவருக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயைக் குறைத்துவிட்டுத் தேங்காய்ப்பாலை அள்ளி விட்டால் பிரயோசனம் இல்லை. வாழைக்காயும் இதே முறைதான்.

வல்வெட்டித்துறை: உழுந்து வடை, பனங்காய்ப் பணியாரம் வருமா?

வராது. இளகிய மா எண்ணெயில் விழுந்த நொடியே தோல் கட்ட வேண்டும். காற்று அதைச் செய்யாது, மா கூடையின் ஓட்டையால் வழிந்துவிடும். பணியாரமும் அப்படித்தான். கட்லட், ரோல்ஸ் போன்ற பாண்தூள் பிரட்டிய சாமான்கள் நன்றாக வரும். மேலே எண்ணெய் தடவி 190இல் பத்துப் பன்னிரண்டு நிமிடம். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தட்டை வடைக்கு எண்ணெய்தான். மாதம் ஒருமுறை ஆசையாகச் சாப்பிடுவதை எண்ணெயிலேயே பொரித்துச் சாப்பிடுங்கள்.

நல்லூர்: கோயில் கொடியேற்றம் தொடங்கினால் திருவிழா இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் இல்லை. மீன் பொரித்த எயார் பிரையரில் மரக்கறி செய்யலாமா?

கூடையைக் கழுவுவது சுலபம். மணம் நிற்பது மேலே, சூட்டுக்கம்பியிலும் அதைச் சுற்றிய தகட்டிலும். பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறிய பிறகு கவிழ்த்து வைத்து, தேசிக்காய்ப் புளி கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கம்பியைத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்ததும் வெறுமனே ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். கூடையைத் தும்பாலோ கம்பியாலோ உரஞ்சாதீர்கள், பூச்சு போய்விடும்.

சுத்தம் என்ற அளவில் இது போதும். வீட்டில் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது என்றால், எயார் பிரையரை என்றைக்கும் மரக்கறிக்கே வைத்து, மீனைத் தாச்சியில் பொரியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

சாவகச்சேரி: சிவப்பு நாட்டரிசி றைஸ் குக்கரில் அரை அவியலாக நிற்குது.

ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள், ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டரைச் சுண்டு தண்ணீர் விடுங்கள். குக்கருக்கு நேரம் தெரியாது. அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சட்டி 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் முடிந்து சூடு ஏறியதும் காந்தம் பிடியை விட்டு, சுவிச் மேலே துள்ளும். ஆகவே அரிசி அவிய எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். துள்ளிய சுவிச்சை அமத்திப் பிடிக்காதீர்கள். மூடியைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

உரும்பிராய்: புதுக் கேத்தல், உள்ளே வெள்ளையாகப் படியுது. தரமில்லாத சாமானா?

சாமானில் குற்றமில்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்தே வருகிறது. கொதிக்கும்போது அது பிரிந்து படிகிறது. படிவு தடித்தால் தண்ணீர் கொதிக்க நேரம் கூடும், கறண்டும் கூடும். பாதி வினாகிரி, பாதி தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். தானாகக் கழன்று வரும். பிறகு இரண்டு தரம் வெறும் தண்ணீர் காய்ச்சி ஊற்றுங்கள்.

நீர்வேலி: கறண்ட் பில் ஏறுமே?

கணக்குப் பார்ப்போம். 1500 வாற்ஸ் எயார் பிரையர் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிற், அதற்கு மேல் போகாது. ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொதிக்க யூனிற்றில் ஏழில் ஒரு பங்கு. தினமும் ஒருமுறை எயார் பிரையர் என்றால் மாதம் 15 யூனிற் வரை கூடும். உங்கள் பில்லில் மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கிறீர்கள் என்றால் கவனம், அதைத் தாண்டினால் முழுக் கணக்கும் கூடிய விலைக்கு மாறும்.

அதோடு, 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதையும், ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்ததையும் மறக்கக் கூடாது. காஸ் அடுப்பும் இருக்கட்டும், கொல்லையில் விறகடுப்பும் இருக்கட்டும். கறண்ட் நின்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

லண்டன்: அம்மா கரவெட்டியில் தனிய. எயார் பிரையர் வாங்கிக் கொடுத்தோம், தொடவே பயப்படுகிறா.

அழுத்தும் திரை உள்ளதா, திருகும் குமிழ் உள்ளதா? திரை என்றால் மாற்றிக் கொடுங்கள். குமிழ் உள்ளதில் 180க்கும் பன்னிரண்டு நிமிடத்துக்கும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இரண்டு புள்ளியில் மீன், உருளைக்கிழங்கு, காய்ந்துபோன பாண் எல்லாம் ஆகும், பாணை மட்டும் மூன்று நிமிடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் மீனில் தொடங்க வேண்டாம். ஒரு உருளைக்கிழங்கை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, எண்ணெய் பிரட்டி வைக்கச் சொல்லுங்கள். அது பிழைத்தாலும் நட்டமில்லை. பொன்னிறத்தில் எடுக்க வேண்டும், கறுக்க விட்டால் உடம்புக்குக் கூடாது.

தனிய இருப்பவர்கள் ஒரு துண்டு மீனுக்காக எண்ணெய் கொதிக்க வைக்கப் பஞ்சிப்பட்டு, பாணும் தேத்தண்ணியுமாக நாளைக் கழிக்கிறார்கள். எனக்கு அதுதான் கவலை. அம்மாவைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டு, நீங்களும் உங்கள் பக்கத்தில் அதையே செய்யுங்கள்.

மானிப்பாய்: மிளகாய், மல்லி வறுக்கலாமா? அரிசிமா?

மா கூடவே கூடாது, விசிறி அதைக் குசினி முழுக்க ஊதிவிடும். செத்தல் மிளகாய் வறுத்தால் நெடி நேரே முகத்தில் அடிக்கும். தூளுக்கு வறுப்பதெல்லாம் தாச்சியில், யன்னலைத் திறந்து வைத்து. கறிவேப்பிலை, அப்பளம் போன்ற பாரமில்லாத சாமான்களும் பறந்து கம்பியில் ஒட்டும். மேலே ஒரு சின்னக் கம்பித் தட்டைக் கவிழ்த்து வைத்தால் நிற்கும்.