ஸ்பேனரே பிடித்ததில்லை, காரின் வழக்கமான பராமரிப்பை நானே செய்ய முடியுமா? ஆயில் மாற்றுவதில் தொடங்கலாமா?

தாராளமாக முடியும். ஆனால் ஆயில் மாற்றுவதில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் பார்த்துப் பழகுங்கள், அப்புறம் திறந்து பழகுங்கள், கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. நான் இந்த வரிசையில்தான் போனேன். அதனால் முதல் தடவை காருக்கு அடியில் படுத்தபோது எது எங்கே இருக்கிறது, எது எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பாதிப் பயம் அதிலேயே போய்விட்டது.

கருவி வாங்குவதற்கு முன்னால் காரோடு வந்த மேனுவலை எடுங்கள். பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமலே கிடக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். எந்த கிரேடு ஆயில், ஆயிலை வடிகட்டும் ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எந்த வகை, ஜாக்கி வைக்க வேண்டிய இடங்கள், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு எதை மாற்ற வேண்டும் என்பவை இருக்கும் பக்கங்கள் போதும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ஒரே பெயரில் வரும் காரிலேயே பெட்ரோல் எஞ்சினுக்கு ஃபில்டர் ஒரு பக்கம், டீசலுக்கு வேறு பக்கம் இருக்கலாம். வீடியோ ஒன்று சொல்லி மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதுதான் சரி.

பார்ப்பது என்று சொன்னேன் அல்லவா, அதில் முதலாவது ஆயில் டிப்ஸ்டிக், அதாவது எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் குச்சி. சமதரையில், எஞ்சின் அணைந்து சில நிமிடங்களாவது கழித்து உருவுங்கள். முதல் தடவை வருவதை நம்பக் கூடாது, ஏனென்றால் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் குச்சி முழுக்கப் பூசிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு மறுபடி முழுவதும் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே இருந்தால் சரி. நிறத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே புகைக்கரி சேர்ந்து கறுத்துவிடும். பால் கலந்ததுபோல் வெளிறிக் குழம்பாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம், அப்படி இருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் லேசாக வெளிறிய படலம் இருந்தால், அது பெரும்பாலும் குட்டிக் குட்டிப் பயணங்களில் சேரும் ஈரம்தான்.

கூலன்ட் தொட்டியில் அளவு வெளியிலிருந்தே தெரியும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிற திரவம், மூடி திறந்த அந்த நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் பலர் யோசிக்காமல் ஒரு காரியம் செய்கிறார்கள். அளவு குறைந்திருக்கிறது என்று ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பிரேக் போடும்போது சக்கரத்தின் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். மெல்ல மெல்லக் குறைந்தால் பேடைப் பார்க்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். நிரப்பி வைத்துவிட்டால் அந்த அடையாளம் மறைந்துபோகும். புது பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள், அப்போது தொட்டி வழிந்து பக்கத்தில் பெயின்ட்டைத் தின்றுவிடும். திடீரென்று குறைந்திருந்தால் கசிவு. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் உங்கள் காருக்கு உரியது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. ஓடிய டயரில் சூட்டினால் அளவு கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். அதே பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயர் தரையில் படும் பக்கத்தின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் தெரியும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

இதையெல்லாம் வாரம் ஒருமுறை பார்த்து வந்ததில் எனக்குக் கிடைத்த லாபம் பெரிது. மற்ற மூன்று டயரும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் வாராவாரம் கொஞ்சம் இறங்கியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஆணி. கண்ணால் பார்த்து அந்த டயரில் காற்று குறைவு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. காரின் வழக்கம் எது என்று தெரிந்தவருக்குத்தான் வழக்கம் மாறியது தெரியும். வீட்டிலேயே பராமரிப்பதில் மிச்சமாகும் பணத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்தது திறப்பது. எஞ்சின் ஏர் ஃபில்டர் நல்ல தொடக்கம். நாலைந்து கிளிப் அல்லது திருகுதான் இருக்கும். பழையதை எடுத்ததும் பெட்டிக்குள் கிடக்கும் தூசியையும் சருகையும் ஈரத்துணியால் துடையுங்கள், எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் எதுவும் விழக் கூடாது. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். புதியதன் ரப்பர் விளிம்பு சுற்றிலும் ஒரே மாதிரி உட்கார்ந்தால்தான் கிளிப்பைப் போட வேண்டும். ஏசி காற்றுக்கான கேபின் ஃபில்டர் பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும். வைப்பர் பிளேடு மாற்றும்போது கண்ணாடிமேல் மடித்த துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், வெறும் இரும்புக் கை படாரென்று விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும்.

பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வதானால் கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். பாசிடிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது தவறிப் பாடியில் பட்டாலும், நெகடிவ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. மாட்டியிருந்தால் பெரிய பொறி பறக்கும். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள்.

இனி ஆயில். இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது, ஒரு கையை நீட்டுவதற்குக்கூட. டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கானது, அவ்வளவுதான். எடை தாங்கும் ஸ்டாண்டுகள் அல்லது சாய்தளம் வேண்டும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வெயிலில் இளகிய தார்த்தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அண்டைக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டியை கியரில் விட்டு, ஸ்டாண்டுமேல் இறக்கியபின் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

வண்டியைத் தூக்குவதற்கு முன் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்து இறங்கும். நெடுந்தூரம் ஓடிய கையோடு திறந்தால் கை வெந்துவிடும். கீழே போனதும் அவசரப்பட வேண்டாம். ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்டைத்தான் தேட வேண்டும், சில கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலின் போல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும். எது எஞ்சினுடையது என்று மேனுவலில் பார்த்து உறுதி செய்தபிறகே ஸ்பேனரை வையுங்கள். அதுவும் ரிங் ஸ்பேனர் அல்லது ஆறுமுனை சாக்கெட்டாக இருக்கட்டும், வாய் திறந்த ஸ்பேனர் போல்ட்டின் முனையை மழுக்கிவிடும்.

போல்ட் இளகியதும் மீதியைக் கையுறை போட்ட விரலால் திருகுங்கள். கடைசிச் சுற்றுகளில் அதை உள்பக்கமாக அழுத்தியபடியே திருகி, மரை விட்டதும் சட்டென்று விலக்க வேண்டும். ஆயில் நேராகக் கீழே விழாது. முதலில் அரை அடி தள்ளி வளைந்து பாயும், வேகம் குறையக் குறையத் தாரை பின்வாங்கி ஓட்டைக்கு நேர் கீழே வந்துவிடும். அதனால் பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும், தாரை பின்வாங்கும்போது கூடவே நகர்த்த வேண்டும். சொட்டு சொட்டாக ஆகும்வரை காத்திருங்கள்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். சில சமயம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்றாகி, எஞ்சின் ஓடும்போது ஆயில் பீறிட்டு வெளியேறும். கண்ணுக்கு எட்டாத இடமென்றால் விரலை வட்டமாக ஓட்டிப் பாருங்கள். உலோகத்தின் வழவழப்பு மட்டும்தான் தட்டுப்பட வேண்டும். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே இறுக்க வேண்டும். ரப்பர் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று என்பது பொதுவான அளவு, ஃபில்டரின்மேலேயே எழுதியிருக்கும். கூட்டுக்குள் காகித ஃபில்டர் மட்டும் மாற்றும் கார்களில் மூடியையும் அதன் வளையத்தையும் கவனிக்க வேண்டும்.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போதுதான் உண்மையான சோதனை. புது வாஷர் போட்டு, விரலாலேயே பல சுற்று ஏற்றுங்கள். இடையில் இறுகினால் அழுத்தாதீர்கள், பின்னால் எடுத்து மறுபடி நேராக வைத்துத் திருகுங்கள். பல எஞ்சின்களில் ஆயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி, அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் காட்டினால் சம்பின் மரைதான் போகும், போனால் செலவு பெரிது. ஆயில் கசியுமோ என்ற பயத்தில் முதல்தடவை செய்பவர்கள் எல்லோருக்கும் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கத் தோன்றும். கசிவைத் தடுப்பது வாஷர்தான். அதனால் ஒரே ஒரு நல்ல கருவி வாங்குவதானால், எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளக்கும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். பல சிறிய கார்களுக்கு இந்த இறுக்கம் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்களுடையது எவ்வளவு என்று மேனுவலில் பாருங்கள். கருவியில் அந்த அளவை வைத்துத் திருகினால் 'டிக்' என்று விடும், அதோடு கையை எடுத்துவிட வேண்டும்.

மேனுவலில் போட்டிருக்கும் அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். மூடியை மூடி, கியரில் விட்டிருந்த வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை ஓடவிட்டால் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்துவிட்டால் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, எங்காவது கசிகிறதா என்று அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு நிறுத்தி, வண்டியைச் சமதரையில் இறக்கி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேல்குறி வரை ஏற்றுங்கள். அதிகம் ஊற்றினாலும் கெடுதல்தான். எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கிளப்பிவிடும், நுரையால் பாகங்களுக்கு எண்ணெய்ப்பசை கொடுக்க முடியாது. மறுநாள் காலையில் இன்னொரு தடவை தரையையும் குச்சியையும் பாருங்கள்.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையிலோ சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். மண்ணிலும் சாக்கடையிலும் ஊற்றவே கூடாது. ஃபில்டருக்குள்ளும் நிறைய ஆயில் இருக்கும், அதையும் கவிழ்த்து வடியவிட்டுச் சேர்த்துக் கொடுங்கள்.

பிரேக்கின் குழாய்கள், டைமிங் பெல்ட், ஏசி கேஸ், ஏர்பேக், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள், இவற்றில் கை வைக்காதீர்கள். பிரேக் பேட் மாற்றுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான், ஆனால் முதல்தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எந்த வேலையிலும் ஒரு போல்ட் வர மறுத்தால் அங்கேயே நிறுத்திப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். உடைந்த போல்ட்டை எடுப்பது அதைவிடப் பல மடங்கு வேலை.

கார் வாரண்டியில் இருந்தால் அதன் நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டு முடிவெடுங்கள். எப்படியானாலும் தேதி, ஓடிய கிலோமீட்டர், போட்ட ஆயிலின் கிரேடு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, வாங்கிய ரசீதுகளை அதோடு வையுங்கள். மீட்டரில் சர்வீஸ் நினைவூட்டல் இருக்கும் கார் என்றால் அதையும் அன்றே ரீசெட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.