யூத ரெகே இசை என்றால் என்ன? அந்தக் கச்சேரிகளில் இளைஞர்கள் ஏன் கூடுகிறார்கள்?

யூத மரபின் சொற்களையும் மெட்டுகளையும் ரெகே தாளத்தில் பாடுவதுதான் யூத ரெகே. ரெகே ஜமைக்காவில் பிறந்தது, அதில் யூதர்களுக்கு என்ன வேலை என்று பலரும் கேட்கிறார்கள். ரெகே பாடல்களைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் அந்தச் சந்தேகம் வராது. சீயோன், பாபிலோன், யூதாவின் சிங்கம் என்று ரஸ்தஃபாரிகள் (ஜமைக்காவில் பிறந்த ஒரு மத இயக்கத்தார்) பாடுவதெல்லாம் பழைய ஏற்பாட்டுச் சொற்கள். அவர்கள் சடை வளர்ப்பதற்குக் காட்டும் ஆதாரமே பைபிளின் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் வரும், முடி வெட்டாமலிருக்கும் நசரேய விரதம்தான். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர், பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூதர்களின் துயரத்தில் தங்கள் துயரத்தைக் கண்டார்கள். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-இல், பாபிலோன் நதிக்கரையில் அழுத யூதர்களைச் சொல்லும் 137-ஆம் சங்கீதத்தையே பாட்டாக்கியது. ஆகவே யூதப் பிள்ளை ஒருவன் ரெகே கேட்கும்போது, தன் தாத்தா ஜெபாலயத்தில் ஓதிய வரிகள்தான் கனத்த பேஸ் கிட்டார் ஒலியோடு அவனிடம் திரும்பி வருகின்றன.

இந்த இசைக்குப் பெரிய கூட்டத்தைச் சேர்த்தவர் மாட்டிஸ்யாஹு. 1979-இல் பிறந்த அமெரிக்கர், நியூயார்க் அருகே வைட் பிளெயின்ஸில் வளர்ந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் ஹசிடிக் என்ற ஆசார யூத மரபைச் சேர்ந்த சபாட் லுபாவிச் பிரிவில் சேர்ந்து, தாடியும் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக மேடையேறினார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால் அந்தக் காலத்தில் அன்றிரவு பாடமாட்டார். மேடையிலிருந்து கூட்டத்தில் தாவிக் குதிக்கும் வழக்கத்தையும், அந்நியப் பெண்களைத் தொடக்கூடாது என்ற மத விதிக்காகக் கைவிட்டார். இத்தனை கட்டுப்பாடுகளோடும், 2006-இல் அவருடைய ‘கிங் வித்தவுட் எ கிரவுன்’ அமெரிக்காவின் முதல் நாற்பது பாடல்களுக்குள் வந்தது.

யூதர்களின் விளக்குத் திருவிழாவான ஹனுக்கா நாட்களில் நியூயார்க்கில் அவர் நடத்திய கச்சேரி ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். ஜீன்ஸுக்கு மேல் மதக் கட்டளைப்படி வெள்ளை நூல்கள் தொங்கவிட்ட கல்லூரி மாணவர்களும், கைநிறையப் பச்சை குத்திய பெண்களும் ஒரே வரிசையில் நின்று ஆடினார்கள். நடுவில் இசையை நிறுத்தி மேடையில் விளக்கேற்றினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவன் எபிரேய ஆசீர்வாதத்தை ஓர் எழுத்து பிசகாமல் உரக்கச் சொன்னான். பதின்மூன்று வயதுச் சடங்குக்குப் பிறகு ஜெபாலயத்துக்கே போனதில்லை என்று பிறகு அவனே சொன்னான். அவர்கள் ஏன் கூடுகிறார்கள் என்பதற்கு அவனைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஜெபாலயத்தில் நீ எவ்வளவு ஆசாரம், எந்தப் பிரிவு என்று அளக்கிறார்கள். சாதாரணக் கேளிக்கை அரங்கில் யூதன் என்ற அடையாளத்துக்கே இடமில்லை. இங்கே இரண்டுமில்லாத ஓர் இடம் கிடைக்கிறது.

இசையும் அதற்கு இசைந்து கொடுக்கிறது. ஹசிடிக் யூதர்களிடம் ‘நிகூன்’ என்ற மரபு உண்டு. பெரும்பாலும் சொற்களே இல்லாமல் ‘யாய் தாய் தாய்’ என்று ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடி உருகுவார்கள். ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் அடி காலியாக இருக்கும், மூன்றாம் அடியில்தான் முரசு விழும். அந்த நிதானமான ஓட்டத்தில் நிகூன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. எபிரேயம் தெரியாதவனும் இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்து பாடிவிடலாம்.

2011 டிசம்பரில் மாட்டிஸ்யாஹு தன் ஹசிடிக் அடையாளமான தாடியை மழித்தபோது ரசிகர்கள் சிலர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாடகனின் தேடல் ரசிகனின் வசதிக்காக ஓரிடத்தில் நிற்க வேண்டியதில்லை. 2015-இல் ஸ்பெயினின் ரோட்டோடாம் ரெகே விழாவில் நடந்தது அதைவிட மோசம். பாலஸ்தீன நாட்டை ஆதரித்து அறிக்கை விடு என்று விழா நடத்தியவர்கள் அவரிடம் கேட்டார்கள். அவர் மறுத்ததும் நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள், கண்டனம் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்தார்கள். அவர் போனார். பாலஸ்தீனக் கொடிகள் அசைந்த கூட்டத்துக்கு முன்னால் ‘ஜெருசலேம்’ என்ற தன் பாடலைப் பாடினார். பாலஸ்தீனர்களின் உரிமை பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறிக்கையை மேடையேறுவதற்கான நிபந்தனையாக, அதுவும் ஓர் அமெரிக்க யூதப் பாடகரிடம் கேட்டது தவறு.

2018-இல் ஹைஃபாவில் யூதர்களும் முஸ்லிம்களுமாகச் சுமார் 3,000 பேர் ஒன்றுகூடி, அவருடைய ‘ஒன் டே’ பாடலை எபிரேயம், அரபு, ஆங்கிலம் மூன்றிலும் பாடினார்கள். காணொளி இருக்கிறது, பாருங்கள்.

கேட்கத் தொடங்குவதானால் ஸ்டுடியோ ஆல்பங்களை விட்டுவிட்டு, 2005-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பதிவான ‘லைவ் அட் ஸ்டப்ஸ்’ நேரடி ஆல்பத்தை எடுங்கள். பேஸ் ஒலி நன்றாகக் கேட்கும் ஹெட்போன் அவசியம், கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டால் பாதி இசை காணாமல் போய்விடும்.