கேள்வி – பதில்: விலைக்கு வந்திருக்கும் பூ ஓவியம்

தரங்கம்பாடியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது எடுத்தது என்று சொல்லி, ஒரு வியாபாரி பூ ஓவியம் ஒன்றைக் காட்டுகிறார். மரப்பலகையில் வரைந்தது. கண்ணாடி ஜாடியில் ரோஜா, டியூலிப், ஐரிஸ். 1600களின் பிளெமிஷ் ஓவியம், கையெழுத்தும் இருக்கிறது என்கிறார்; முன்பணம் கேட்கிறார். எப்படிச் சோதிப்பது?
– வாசகர், மயிலாடுதுறை

இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தொல்பொருள் விற்க அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கையெழுத்தைக் கடைசியில் பார்க்கலாம். போலியாகச் சேர்க்க அதைப்போலச் சுலபமானது வேறில்லை. படத்தைத் திருப்பி, பகல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பிளெமிஷ் ஓவியர்களின் முக்கிய நகரம், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப். அங்கே மரத்தில் வரைந்தவை பெரும்பாலும் ஓக் பலகைதான். சட்டத்தில் பொருந்துவதற்காகப் பின்புற ஓரங்களைச் சரித்துச் செதுக்கியிருப்பார்கள். உளித் தடம் விரலுக்குத் தட்டுப்படும். பலகைக்கு முத்திரை வேண்டும் என்று 1617-இல் அங்கே விதி வந்தது: கோட்டையும் இரண்டு கைகளுமாக நகரச் சின்னத்தைச் சூடு போட்டிருப்பார்கள். முத்திரை இல்லாததாலேயே போலி ஆகிவிடாது. பின்னாளில் பலகையை இழைத்து மெலிதாக்கியபோது போயிருக்கலாம். தேக்கு என்றால் நம் பக்கத்தில் செய்த நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிளைவுட் என்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

பூச்சி அரித்த இடத்தைத் தவறாமல் பாருங்கள். வெளியேறும் பூச்சி சிறு வட்டத் துளைதான் போடும். நீளவாக்கில் சுரங்கம் திறந்து கிடந்தால், பலகையைப் பிற்காலத்தில் அறுத்தோ இழைத்தோ இருக்கிறார்கள். பழைய அலமாரிப் பலகையில் புதிதாக வரைவது இந்தத் தொழிலில் தெரிந்த தந்திரம்.

இனி முன்பக்கம். நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். இதழில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம். எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற அச்சடித்த 19-ஆம் நூற்றாண்டு ஓலியோகிராஃபில் துணி நெசவைக்கூட அழுத்திப் பதித்து வார்னிஷ் பூசியிருப்பார்கள். பிறகு கையெழுத்துக்கு வாருங்கள். வண்ணத்தின் வெடிப்பு எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் நல்லது. எழுத்தின் மை வெடிப்புக்குள் வழிந்திருந்தால், படம் காய்ந்து வெடித்த பிறகு எழுதியது.

வெவ்வேறு பருவத்துப் பூக்கள் சேர்ந்திருப்பது குறையல்ல. கார்த்திகைப் பூவையும் சித்திரை மல்லிகையையும் ஒரே ஜாடியில் வைப்பது போலத்தான் அந்த ஓவியர்கள் வரைந்தார்கள். ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத பூக்களைப் பிரஸ்ஸல்ஸ் போய்ப் பார்த்து வரைந்ததாக பிளெமிஷ் பூ ஓவியர் மூத்த யான் பிரூகல் 1606-இல் மிலான் கார்டினலுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். இலைகள் நீலம் பாய்ந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பச்சைக்காகச் சேர்த்த தாவர மஞ்சள் வெளுத்து, அடியிலிருக்கும் நீலம் மிஞ்சியிருக்கும்.

இவையெல்லாம் தேறினால், எக்ஸ் கதிர் பாய்ச்சி வண்ணத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். சோதனைக்குச் செலவழிக்கலாம்; வண்ணத்தைச் சுரண்டத் தேவையில்லை. மஞ்சள் இதழில் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்து தெரிந்தால் நல்ல அறிகுறி. அந்த மஞ்சள் 1750 வாக்கில் வழக்கொழிந்து, 1941-இல்தான் மறுபடி அடையாளம் காணப்பட்டது. வெள்ளை இதழ்களில் டைட்டானியம் வந்தால் அது 20-ஆம் நூற்றாண்டு வண்ணம். ஓர் இடத்தில் மட்டும் வந்தால் பிற்காலத் திருத்தமாக இருக்கலாம் என்பதால், நாலைந்து இடங்களில் அளக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுப் பூ ஓவியம் கறுத்துவிட்டது. விற்பதற்கு முன் உருளைக்கிழங்கை நறுக்கித் துடைத்தால் பளிச்சென்று ஆகுமாமே?
– வாசகி, கும்பகோணம்

தயவுசெய்து வேண்டாம். வண்ணத்துக்கு அடியில் இருப்பது சுண்ணப் பொடியும் விலங்குப் பசையும் கலந்த பூச்சு. வெடிப்பு வழியே ஈரம் இறங்கினால் பசை ஊறி, வண்ணம் செதில் செதிலாகக் கிளம்பிவிடும். கறுப்பு பெரும்பாலும் பழைய வார்னிஷும் விளக்குப் புகையும்தான். அதை எடுப்பது ஓவியப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. ரோஜாவின் மேலிருக்கும் மெல்லிய சிவப்புப் பூச்சு தவறான கரைப்பானில் வார்னிஷோடு சேர்ந்தே போய்விடும். வண்ணம் ஏற்கெனவே உதிர்கிறதென்றால் படத்தை முகம் மேலாகப் படுக்க வையுங்கள். ஃபெவிகால் தொடவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகை குறுக்குவாக்கில் உப்பும். சட்டத்தோடு இறுக்கி ஆணி அடித்திருந்தால் நடுவில் பிளக்கும். மழை நனையும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டி, பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள்.

லண்டனில் இருக்கும் மகன் வழியாக அங்கே ஏலத்தில் விடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம் என்றால் முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நூறு ஆண்டு ஆகாதது என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்புங்கள்.

உள்நாட்டு ஏலத்துக்குக் கொடுத்தால் பட்டியலில் ஓவியர் பெயருக்கு முன் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அவர் வரைந்தது என்று ஏல நிறுவனம் கருதுகிறது. 'அட்ரிபியூட்டட் டு' என்றால் அநேகமாக அவர். 'ஸ்டூடியோ ஆஃப்' அவர் பட்டறை. 'சர்க்கிள் ஆஃப்' அவர் காலத்து நெருங்கிய கை. 'ஃபாலோயர் ஆஃப்' அவர் பாணியைப் பின்பற்றியவர். 'ஆஃப்டர்' என்றால் எக்காலத்திலும் எடுத்த நகல். ஒவ்வொரு படிக்கும் விலை மளமளவென்று இறங்கும். ஆகவே குறைந்தபட்ச விலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே, எந்தச் சொல்லைப் போடப்போகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.