கேளுங்க, சொல்றேன்!

வாசகி, மன்னார்குடி: சார், உங்களைப் பழமைவாதின்னு என் பையன் சொல்றான். நிஜமாவா?

நிஜம்தாம்மா, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. 1959ல ராஜாஜி சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சப்ப எங்க அப்பா அதுல சேர்ந்தவர், அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். பாட்டி காலத்து தோசைக்கல்லைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி புதுக்கல்லுல ஒரு தோசை வார்த்துப் பாருங்கப்பான்னு சொல்றவன், அவ்வளவுதான்.

வாசகர், தேனி: இலவசம்னாலே உங்களுக்கு ஏன் சார் இவ்ளோ கோவம்?

எல்லா இலவசத்து மேலயும் இல்ல தம்பி. காமராஜர் பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட்டாரு, 1982ல எம்ஜிஆர் அதை சத்துணவா பெருசாக்கினாரு, அதைக் குறை சொல்றவன் வாயி வெந்துபோகும். பசியோட வர்ற புள்ளைக்கு சோறு போடறது வேற, 2006ல கலர் டிவி, 2011ல மிக்ஸி கிரைண்டர் ஃபேன்னு ஏலம் விடற மாதிரி போட்டி போட்டுக்கிட்டு குடுத்தது வேற. 2025-26 பட்ஜெட் கணக்குப்படி தமிழ்நாட்டோட கடன் 9 லட்சம் கோடிக்கு மேல போகுது, அதாவது தொட்டில்ல கிடக்கிற குழந்தை தலையிலயும் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு. எங்க அம்மா பக்கத்து வீட்ல ஒரு ஆழாக்கு சக்கரை கடன் வாங்கினா மறுநாளே அதே ஆழாக்குல கோபுரமா குவிச்சு, சிந்தாம இருக்க ஒரு கையை மேல வச்சு மூடிக்கிட்டுப் போய் திருப்பிக் குடுத்துட்டுதான் காபியே குடிப்பாங்க. கடன்னா அந்தக் கூச்சம் இருக்கணும், வீட்டுக்கும் சரி, கோட்டைக்கும் சரி.

வாசகர், சேலம்: டாஸ்மாக்கை மூடினா அரசாங்கம் எப்படி நடக்கும்?

உங்க ஊர்க்காரங்க கேக்கலாமா சார் இதை! 1937ல ராஜாஜி மதுவிலக்கை முதல்ல கொண்டு வந்ததே சேலம் ஜில்லாவுலதானே. வருமானம் போச்சேன்னு அவரு உக்காந்துடல, 1939ல விற்பனை வரியைப் போட்டு அந்த ஓட்டையை அடைச்சாரு. மது போச்சு, வரி வந்துச்சு. அப்புறம் 1971ல மதுவும் வந்துடுச்சு, வரியும் போகல. அப்ப ராஜாஜிக்கு 92 வயசு, அந்தத் தள்ளாத வயசுல கருணாநிதி வீட்டுக்கே நேர்ல போய் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, நடக்கல. 2003ல அரசாங்கமே கடை போட்டு உக்காந்துச்சு, 2024-25ல மட்டும் டாஸ்மாக் வருமானம் 48,000 கோடிக்கு மேல. காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா 10 ரூபா தர்றாங்க, பாட்டில் திரும்பி வருது, குடிச்சவன் சம்பளம் வீட்டுக்குத் திரும்பி வரல. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுல மட்டும் ஒத்துமையா இருக்காங்க, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

வாசகி, வேலூர்: ஒரு கட்சிகிட்ட பணம் வாங்கிட்டு இன்னொரு கட்சிக்கு ஓட்டுப் போட்டா பாவமா?

வாங்கினதே தப்பும்மா. உங்க ஊர்லயே 2019ல பணப் பிரச்சனையால தேர்தல் ரத்தாச்சு, 2017ல ஆர்.கே.நகர்லயும் அதேதான். எங்க தெருப் பாட்டி ஒருத்தங்க ஒரு தேர்தல்ல ரெண்டு பக்கமும் கவர் வந்து, யாருக்குப் போட்டாலும் இன்னொருத்தருக்குத் துரோகம் ஆயிடுமேன்னு ராத்திரி பூரா தூங்கல. காலைல முந்தானையில முடிஞ்சிருந்த ரெண்டு கவரையும் மாரியம்மன் உண்டியல்ல போட்டுட்டு, "இப்ப என் கை சுத்தம்டா"ன்னு சொல்லிட்டு பூத்துக்கு நடந்தாங்க. அந்தப் பாட்டிக்கு இருந்த மனசாட்சி கவர் குடுத்தவங்களுக்கு இருந்திருக்கணும்.

வாசகர், திருச்சி: பேனர் கலாச்சாரம் ஒழியுமா?

2019ல சென்னையில பேனர் விழுந்து ஸ்கூட்டர்ல போன ஒரு பொண்ணு செத்துப்போச்சு, அதுக்கப்புறமும் காதுகுத்துக்குக் கூட கட்டறாங்களே சார். எங்க பெரியப்பா தவறினப்ப யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சாங்க, அதுல கட்சிக்காரங்க எல்லாம் ஆளுயரத்துக்கு கும்பிட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க, பெரியப்பா மூலையில பாஸ்போர்ட் சைஸ்ல இருக்காரு. பெரியம்மா அந்த அழுகையிலயும் நிமிந்து பாத்து, "இதுல செத்தது யாருடா?"ன்னு கேட்டாங்க. சாவு வீடுன்னும் பாக்காம அத்தனை பேரும் சிரிச்சுட்டோம்.

வாசகி, கும்பகோணம்: கல்யாணத்துல உங்களுக்குப் பிடிக்காத புதுப் பழக்கம்?

முகூர்த்தத்தையே கேமராமேன் கையில குடுத்தது. போன ஆவணியில ஒரு கல்யாணம், மாப்பிள்ளை தாலியை எடுத்தாச்சு, கெட்டிமேளம் கொட்டியாச்சு, அந்த நேரத்துல கேமராமேன் "சார், அப்படியே ஹோல்ட் பண்ணுங்க, லைட் சரியில்ல"ங்கறாரு. மாப்பிள்ளை கையைத் தூக்கின மேனிக்கு நிக்கறாரு, நாயனக்காரருக்கு மூச்சு முட்டுது, தவில்காரர் கை ஓயுது, முக்காவாசி அட்சதை எங்க தலை மேலயே விழுந்து தீந்துடுச்சு. பொண்ணோட தாத்தா விறுவிறுன்னு மேடையேறி, துண்டை எடுத்து கேமரா மேல போட்டு மூடிட்டு, "நீங்க கட்டுங்க மாப்ள, நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்"னாரு.